சொந்த லாரி எடுக்க நினைக்கும் டிரைவர்களுக்கு

நாமக்கல் பக்கம் சம்பளத்துக்கு லாரி ஓட்டுகிற எவரிடமும் கொஞ்ச நேரம் பேசினால், எப்போது சொந்த வண்டி என்ற கேள்வி வந்துவிடும். எனக்கும் அந்த ஆசை பல வருடம் இருந்தது. கடைசியில் பழைய பன்னிரண்டு சக்கர வண்டி ஒன்றை ஃபைனான்ஸில் எடுத்தேன். ஓனரும் நான்தான், டிரைவரும் நான்தான்.

பழைய வண்டி என்றால் ஆர்சி புத்தகத்தை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டு எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), இன்சூரன்ஸ், வரி எதுவரை இருக்கிறது, இ-சலான் பாக்கி உண்டா என்று பாருங்கள். பழைய கடன் தீர்ந்ததற்கு ஃபைனான்ஸ்காரர் தரும் என்ஓசியும், ஆர்சியில் அந்தக் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணம். எட்டு வருடத்தைத் தாண்டிய வண்டிக்கு எஃப்சி வருடா வருடம் காட்ட வேண்டும். அதற்கு முன் பட்டறைச் செலவு இருக்கிறது.

மாதத் தவணை எல்லோருக்கும் தெரியும். வருடத்துக்கொரு முறை வருவதுதான் ஆளை அசைத்துவிடும். நேஷனல் பர்மிட் 16,500 ரூபாய். சரக்கோடு சேர்த்து 36 டன் வரும் என் மாதிரி வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் 2022 கட்டணப்படி 43,950, ஜிஎஸ்டி தனி. டயர் ஒன்று இருபதாயிரத்தைத் தாண்டுகிறது, பன்னிரண்டு போக ஸ்டெப்னியும் உண்டு. ஒவ்வொரு வாடகை வந்ததும் இவற்றுக்கென்று ஒரு தொகையை வேறு கணக்கில் போட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. டீசல், டோல், புக்கிங் கமிஷன், ஏற்றுக்கூலி போக மிஞ்சுவதையெல்லாம் லாபம் என்கிறார்கள். ஒரு டிரைவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய சம்பளமும் பேட்டாவும் அதற்குள்தான் கிடக்கிறது. அதைக் கழித்த பிறகும் தவணைக்குத் தேறுமா என்று பாருங்கள்.

வண்டி நிற்கும் நாளைத்தான் எந்தக் கணக்கிலும் அடக்க முடியவில்லை. ஒருமுறை கர்நாடகாவின் தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றி நம்மூர் கோழித்தீவன மில்லுக்கு வந்தேன். சாம்பிள் எடுப்பவர் மூட்டைக்குள் குழாயைக் குத்தி, வந்த மணிகளை மெஷினில் கொட்டிப் பார்த்து, ஈரம் அதிகம் என்று சொல்லிவிட்டார். வியாபாரியும் மில்காரர்களும் விலையைக் குறைத்துப் பேசி முடிக்கும்வரை வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது. வண்டி நின்றதற்கு ஹால்ட் பணம் கேட்டதற்கு, "அடுத்த லோடுல பாத்துக்கலாம்ண்ணா" என்றார்கள். சம்பளத்துக்கு ஓட்டிய காலத்தில் இதே போல் நின்றபோது கேபினில் நன்றாகத் தூங்கியிருக்கிறேன். இப்போதெல்லாம் எத்தனை மணி நேரத்துக்கு மேல் ஹால்ட், நாளுக்கு எவ்வளவு என்பதை ஏற்றும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுகிறேன். முகம் சுளிக்கிற புக்கிங் ஆபீஸில் லோடு எடுப்பதில்லை.

ஓவர்லோடு ஏற்றச் சொல்வார்கள், வேண்டாம். பன்னிரண்டு சக்கரமுள்ள நாலு ஆக்சில் வண்டி சரக்கோடு சேர்த்து இருக்கக்கூடிய மொத்த எடையை 2018-ல் 31 டன்னிலிருந்து 36 டன்னாக உயர்த்திவிட்டார்கள். அதற்கு மேல் போனால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. நாலு டன் கூடினால் 28,000. கட்டுவதற்குப் பின்னால் வேறு ஓனர் கிடையாது.

பாக்கி வாடகை கைக்கு வர, சரக்கு இறக்கிய ரசீதில் சீலும் கையெழுத்தும் முக்கியம், எடை குறைந்ததாக எழுதினால் அங்கேயே கேளுங்கள். பத்து வண்டி வரை வைத்திருப்பவர்கள் பான் நம்பரோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் வாடகையில் டிடிஎஸ் (வருமான வரிக்கான முன்பிடித்தம்) பிடிக்க வேண்டியதில்லை. பல ஆபீஸில் இதைத் தாமாகச் சொல்வதில்லை, பிடித்துவிட்டுத்தான் பணம் போடுகிறார்கள். அந்தத் தாளில் நாலைந்து நகல் எடுத்து கேபினிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.