எதிர்காற்றும் கோத்தகிரி ஏற்றமும்: கோவையைச் சுற்றி ஒரு சைக்கிள் பயணம்

கோவையிலிருந்து நேற்றுதான் திரும்பினேன். மலையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஆம்னி பஸ் கோபம் இன்னும் ஆறவில்லை, அதை முதலில் கொட்டிவிடுகிறேன்.

டிக்கெட் எடுக்கும்போதே போனில் கேட்டேன். சைக்கிளுக்கு 300 ரூபாய் என்றார்கள். சென்னை கிளாம்பாக்கத்தில் பஸ் புறப்பட ஐந்து நிமிடம் இருக்கும்போது 800 வேண்டும் என்கிறார் டிக்கியைத் திறந்தவர். என் டிக்கெட்டே 950 ரூபாய்! வேறு பஸ் பிடிக்க நேரமில்லை என்பது அவருக்கும் தெரியும். 600-க்கு இறங்கிவந்தார். ரசீது கேட்டதற்குச் சிரிப்புதான் பதில். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காந்திபுரத்தில் டிக்கியைத் திறந்தால் சைக்கிளின் மேல் துணி மூட்டைகள் கிடக்கின்றன. பின்சக்கர கியரைத் தாங்கும் ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருந்தது. அந்த நிலையில் ஏற்றத்துக்கான பெரிய பல்லுக்கு மாற்றினால் கியர் சக்கரக் கம்பிகளுக்குள் போய்விடும்.

ஆர்.எஸ்.புரம் பக்கம் ஒரு சின்னக் கடையைக் காட்டிவிட்டார்கள். கடைக்காரப் பெரியவர் அவசரப்படவே இல்லை. சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி, கியரைக் கழற்றி, அந்த இடத்தில் நீளமான அளவுக்கம்பி ஒன்றைத் திருகினார். சக்கரத்தின் விளிம்போடு மேலே, கீழே, முன்னே, பின்னே என்று ஒப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மயிரிழை அளவுதான் இழுத்தார். கடைசியில் எல்லாப் பக்கமும் இடைவெளி ஒரே அளவாக வந்தது. 150 ரூபாய் வாங்கினார். பஸ்காரருக்குக் கொடுத்த 600 அப்போதுதான் இன்னும் அதிகமாக எரிந்தது.

சரி, வழிகளுக்கு வருகிறேன். எந்தச் சாலை என்பதற்கு முன்னால் காற்றைச் சொல்லியாக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுப் பக்கம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாய் வழியாகத்தான் கோவைக்குள் பாய்கிறது. வெயில் ஏற ஏற வேகமும் கூடும். ஆகவே இந்த மாதங்களில் விடியும் முன்பே கிளம்பி மேற்கே போய்விட வேண்டும். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். பத்து மணிக்கு மேல் மேற்கு நோக்கி மிதிப்பவர்களுக்குச் சமதரையும் மலைதான்.

சிறுவாணி சாலையில் தொடங்குங்கள். உக்கடத்திலிருந்து செல்வபுரம், பேரூர், மாதம்பட்டி, ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம். பேரூர் பட்டீசுவரர் கோயில் வரை நகரத்து நெரிசல்தான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மாதம்பட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னையும் பாக்கும் வாழையும். எதிரே வெள்ளியங்கிரி மலை பாதி மேகத்தில் மறைந்து நிற்கிறது. சாலை ஏறுவதே தெரியாமல் ஏறுகிறது. இருட்டுப்பள்ளத்தில் நேராகப் போனால் காருண்யா நகர், அதற்கு மேல் கோவைக் குற்றாலம். அருவிக்குச் சைக்கிளை எடுத்துப்போக முடியாது, வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். மழை வலுத்தால் அதையும் மூடிவிடுவார்கள். நான் வலப்பக்கம் செம்மேடு வழியாகப் பூண்டிக்குத் திரும்பினேன். மலையடிவாரத்துக் கோயிலோடு சாலை முடிந்துவிடுகிறது. அந்தக் கடைசிப் பகுதிதான் இந்த வழியின் உயிர். சைக்கிள் ஓட்ட இப்படி ஒரு இடம் ஊருக்கு இத்தனை அருகில் இருப்பதைப் பார்த்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிகளுக்கு நடுவே மிதிக்கும் எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. வழி நெடுக வேகத்தடைகள். பலவற்றில் வெள்ளைப் பூச்சே கிடையாது. இருட்டில் 23 மில்லிமீட்டர் டயரோடு அதன்மேல் ஏறினால் சக்கரம் என்னாகும் என்று போட்டவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். 28 மில்லிமீட்டர் டயரும் நல்ல முன்விளக்கும் இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள்.

திரும்பும் வழியில் ஆலாந்துறைக்கு அருகே ஒரு வீட்டு மெஸ். பலகையில் அரிசிம்பருப்புச் சாதம் என்று எழுதியிருந்தது, சைக்கிள் தானாக நின்றுவிட்டது. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இது வீட்டில் வேறொன்றும் செய்ய நேரமில்லாதபோது செய்யும் சாப்பாடு. எனக்கு அன்றைக்கு விருந்து. அரிசியும் துவரம்பருப்பும் சேர்ந்து குழையாமல் வெந்திருந்தன. சின்ன வெங்காயம் முழுசு முழுசாக, பூண்டு, மிளகு, சீரகம். மேலே அந்த அம்மா ஊற்றிய நெய் தட்டின் விளிம்பு வரை ஓடியது. "இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்க சாமி, மிதிக்கிற பிள்ளை" என்று கேட்காமலேயே இரண்டாவது முறை வைத்தார். கெட்டித் தயிர், எலுமிச்சை ஊறுகாய், ஒரு அப்பளம். எல்லாம் சேர்த்து 70 ரூபாய். பயணத்தில் வேறெங்கே சாப்பிட்டாலும் இந்தத் தட்டோடு ஒப்பிட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

அடுத்தது ஆனைகட்டி. கணுவாய், தடாகம், மாங்கரை வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் தோண்டிய குழிகள் இன்னும் வாய் பிளந்து கிடக்கின்றன. சூளைகளை 2021-இல் மூடினார்கள், காயம் மூடவில்லை. மாங்கரைச் சோதனைச் சாவடி தாண்டியதும் காடும் வளைவும் ஏற்றமுமாக வழி மாறுகிறது. ஆனைகட்டிக்கு அப்பால் கேரளத்தின் அட்டப்பாடி. ஏறிப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது, நீளமும் அளவானது. யானை நடமாட்டம் உள்ள காடு என்பதால் விடிந்த பிறகுதான் மாங்கரையைத் தாண்ட வேண்டும், மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும்.

மருதமலை பற்றியும் வாளையார் பற்றியும் எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். கோத்தகிரி ஏறிய பிறகு அவற்றைப் பற்றிப் பேசப் பொறுமை இல்லை.

மேட்டுப்பாளையம் வரையிலான நெடுஞ்சாலை எனக்குப் பிடிக்கவில்லை. வண்டிகளின் இரைச்சலில் காரமடைப் பக்கத்துக் கறிவேப்பிலைத் தோட்டங்களின் வாசனை ஒன்றுதான் ஆறுதல். மேட்டுப்பாளையத்தில் பாதை பிரிகிறது. குன்னூர் சாலையில் சுற்றுலாப் பஸ்கள் வரிசை கட்டும், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஓரத்துக்கு ஒதுங்கியே உயிர் போகும். கோத்தகிரி சாலையில் அந்தக் கூட்டம் இல்லை. ஆனால் கோடை சீசனில் மட்டும் போகவே கூடாது. அப்போது குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடும் ஒருவழி ஏற்பாடு செய்கிறார்கள். இறங்கும் வண்டிகள் அத்தனையும் எதிரே வரும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குக் கணக்கு இதுதான்: 33 கிலோமீட்டர், 1,400 மீட்டருக்கு மேல் ஏற்றம். சராசரிச் சரிவு நான்கு சதவீதத்துக்குச் சற்று அதிகம். எண்ணைப் பார்த்தால் எளிது. ஆனால் இடையில் இளைப்பாறச் சமதரை ஏறக்குறைய இல்லை. கியர்ச் சக்கரத்தில் முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இருந்ததால் உட்கார்ந்தபடியே ஏற முடிந்தது. அடிவாரத்தில் புழுக்கம், வியர்வை கண்ணில் இறங்குகிறது. ஒவ்வொரு வளைவுக்கும் பவானிச் சமவெளி கீழே போய்க்கொண்டே இருக்கிறது. குஞ்சப்பனை வரும்போது காற்றில் பலாப்பழ வாசனை.

பலா பழுக்கும் காலத்தில் குஞ்சப்பனைக்கு யானைகள் வந்துவிடும். எனக்கு முன்னால் கார்கள் நின்றிருந்தன. "ஆனை நிற்கிறதுங்க தம்பி, பொறுத்துப் போகலாம்" என்று வனத்துறைக் காவலர் கையைக் காட்டினார். சரிவில் மரக்கிளைகள் முறியும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த நேரத்தில் ஒரு கார்க்காரர் ஹார்ன் அடித்தார், பாருங்கள்! காவலர் போய்ச் சொன்ன பிறகும் இன்னொரு முறை அடித்தார். இப்படிப்பட்டவர்களை மலை ஏறவே விடக்கூடாது என்பது என் திடமான கருத்து. கிளைச் சத்தம் கீழே இறங்கிப்போன பிறகுதான் காவலர் விட்டார், அதற்குள் வியர்வை காய்ந்து குளிர் பிடித்துவிட்டது.

பிறகு தேயிலை. அரவேனு வரும்போது மூடுபனிக்குள் ஓட்டினேன். ஒரு டீக்கடையில் சுடச்சுட டீயும் வர்க்கியும். வர்க்கியை விண்டால் ஏடு ஏடாகப் பிரிகிறது, டீயில் நனைத்ததும் உப்பும் நெய்யும் நாக்கில் தெரிகின்றன. 1819-இல் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறி வந்தது இந்தக் கோத்தகிரிப் பக்கமாகத்தான். அவர் தங்கிய வீடு கன்னேரிமுக்கில் நினைவகமாக இருக்கிறது. மூடுபனி சூழ்ந்த அந்தச் சிவப்பு வீட்டின் முன்னால் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தியபோது எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன்.

இரண்டு விஷயங்கள். நீலகிரி மாவட்டத்துக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்குத் தடை, சாவடியில் சோதிக்கிறார்கள். சைக்கிளில் மாட்டும் பாட்டில் இரண்டும் மேட்டுப்பாளையத்திலேயே நிறைந்திருக்கட்டும். இறங்கும்போது மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை இல்லாவிட்டால் விரல் விறைத்து பிரேக் பிடிக்க முடியாது. வளைவுக்கு முன்பே பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள், இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கொதிக்கும்.

திரும்பி வரும்போது ஆம்னி பஸ் பக்கம் தலை வைக்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்தே இரவில் நீலகிரி எக்ஸ்பிரஸ். பயண டிக்கெட்டைக் காட்டி பார்சல் அலுவலகத்தில் சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்தேன். ரசீது கையில். பஸ்காரர் பிடுங்கியதில் பாதிகூட ஆகவில்லை. ரயில் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள், பெயரும் போன் எண்ணும் எழுதிய அட்டையை ஃபிரேமில் கட்டுங்கள், கியர் பக்கத்தைச் சாக்கால் சுற்றுங்கள். என் ஹேங்கர் சென்னை வரை நிமிர்ந்தே வந்து சேர்ந்தது.