கோணேசர் வீதியிறங்கும் நாட்கள்

சிவராத்திரி முடிந்த கையோடு கோணேஸ்வரம் கோயில் சிவனான கோணேசர், கோயில் இருக்கிற சுவாமிமலையை விட்டு இறங்கி திருகோணமலை வீதிகளில் உலா வருவார், எங்களுக்கு அது ராஜா வருகிற நாள்தான். இந்த முறை சனி, ஞாயிறும் சேர்ந்துகொண்டதால் கொழும்பில் வேலை பார்க்கிற பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். ஒழுங்கை முழுக்கத் தோரணம். குருத்தோலையைக் கிழித்து மடித்து முறுக்குவதைப் பக்கத்து வீட்டு அம்மம்மா சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டினார், "கிழிஞ்சா பரவாயில்லை ராசா, இன்னொன்று எடு" என்று சொல்லிக்கொண்டே. வாசலுக்கு வாசல் நிறைகுடம், குத்துவிளக்கு, சந்தியில் பெரிய அண்டாவில் சக்கரைத்தண்ணி.

குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டினான் என்று சொல்லப்படும் இந்தக் கோயிலை 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளி, அந்தக் கல்லிலேயே கோட்டையும் கட்டினார்கள். மண்ணுக்குள் புதைத்துக் காப்பாற்றிய விக்கிரகங்கள் 1950இல் கிணறு வெட்டும்போது கிடைத்தன, 1963இல் புதுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறியும். அதனால்தான் சாமி வாசலுக்கு வரும்போது இங்கே பெரியவர்கள் அழுகிறார்கள்.

சரி, அடுத்த வருஷத்துக்குக் குருத்தோலை கூடுதலாக வேண்டும். தம்பிமார் இப்போதே சொல்லி வையுங்கள்.