ஆடிக்காத்தும் 102 மெகாபிக்சலும்

ஜூலை 18, 2024, வியாழன்

அப்பா எடுத்த பழைய நெகட்டிவை எல்லாம் டிஜிட்டலா மாத்த கேமரா வந்தாச்சு. 102 மெகாபிக்சல் ஃபூஜி ஜிஎஃப்எக்ஸ் 100எஸ், கூட கிட்டப் போய் எடுக்கற 120 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ். ஆடி பொறந்ததுல யாருக்கும் கல்யாண ஆர்டர் இல்ல, வாடகைக்காரர் கடையில சும்மா கெடந்தது. பேரம் பேசி பாதி வாடகைக்கு 14 நாள். பெட்டியைப் பிரிக்கறதுக்குள்ள அம்மா போன். "அப்பா ரெண்டு இட்லி சாப்ட்டார்டா. முழுசா இல்ல, பிச்சுப் பிச்சு."

பாடி 900 கிராம், லென்ஸ் 980. ஷட்டரை வெறுமனே நாலு தடவை அமுக்கிப் பார்த்தேன். சத்தம் சின்னது, மெத்தையில குண்டூசி விழுந்த மாதிரி. என் பழைய கேமரா பக்கத்துலயே உக்காந்திருக்கு. அதைப் பார்க்க கொஞ்சம் சங்கடமா இருந்தது.

ஜூலை 19, வெள்ளி

ஸ்டாண்டுக்கு அப்பாவோட எண்லார்ஜரையே (நெகட்டிவைப் பெருசாக்கி பிரின்ட் போடற மெஷின்) பிடிச்சுக்கிட்டேன். தலையைக் கழட்டிட்டு கம்பத்துல கேமராவை மாட்டியாச்சு. கீழ எல்ஈடி பலகை, அதுக்கு மேல பால் நிற அக்ரிலிக், அதுக்கு மேல நெகட்டிவ். சாயங்காலம் வரைக்கும் மட்டம் பார்க்கறதுலயே போச்சு.

கணக்கு ஒண்ணு போட்டதும் சந்தோஷமாயிட்டேன். 120-ங்கற அகல ரோல் ஃபிலிம்ல நெகட்டிவ் 6 சென்டிமீட்டருக்கு 6-னு சொன்னாலும் உள்ள படம் 56 மில்லிமீட்டர்தான். இந்த மேக்ரோ கிட்டப் போனா பாதி அளவுக்குக் காட்டும். 56-ல பாதி 28. கேமராவுக்குள்ள படம் பதியற சென்சார் 43.8-க்கு 32.9. அளவெடுத்துத் தச்ச மாதிரி உள்ள உக்காருது! பக்கத்துக்கு 7,400 பிக்சல் சொச்சம், சதுரமா வெட்டினா 55 மெகாபிக்சல். இதையே என் பழைய 24 மெகாபிக்சல் கேமராவுல எடுத்திருந்தா 16 தேறும். லென்ஸ் இன்னும் கிட்டப் போக 18 மில்லி எக்ஸ்டென்ஷன் வளையம் ஒண்ணு இருந்தா 76 வரைக்கும் இழுக்கலாம். வாடகைக்காரர்கிட்ட அது இல்ல. பரவால்ல, பரவால்லன்னு எனக்கு நானே சொல்லிக்கறேன். 76.

ஜூலை 20, சனி

காத்து. நாள் பூரா காத்து.

ஜூலை 21, ஞாயிறு

நேத்து எடுத்த 9 ரோலும் வேஸ்ட். அம்மியே பறக்கற காத்துல எண்லார்ஜர் கம்பம் எம்மாத்திரம்? ஜன்னலைச் சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன், வேர்வை நெகட்டிவ்ல சொட்டாம இருக்க நெத்தியில துண்டைக் கட்டினேன். அப்புறமும் தெருவுல டவுன் பஸ் போனா திரையில கிரெய்ன், அதான் ஃபிலிமோட பொடி மணி, நடுங்குது. 24 மெகாபிக்சல்ல இது தெரியவே தெரியாது. இதுல ஒரு பிக்சல் 3.76 மைக்ரான், தலைமுடி கனத்துல இருபதுல ஒரு பங்குன்னு வச்சுக்கலாம். அது அசையாம இருக்கணும்னா நானே மூச்சு விடக்கூடாது.

போதாததுக்கு கம்பத்துல கை தானாவே இறங்குது. ரெண்டு கிலோ தாங்காது போல. ஃபோகஸ் வச்சுட்டு டீ குடிச்சு வந்தா ஃபோகஸ் போயிருக்கு. பின்பக்கம் செங்கல்லைக் கயித்துல கட்டித் தொங்கவிட்டேன். பல லட்ச ரூபாய் சாமானுக்கு ஒரு செங்கல் துணை.

அப்பா இருக்கற மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகல இன்னிக்கு. அக்கா போயிருக்கா. "வலது கை விரல் லேசா அசையுது"ன்னு மெசேஜ். எந்த விரல்னு கேட்டேன். பதில் இல்ல.

ஜூலை 22, திங்கள்

எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டா அதிர்வு சுத்தமா இருக்காதுன்னு போட்டேன். இல்லதான். ஆனா படம் முழுக்க வரி வரியா, கோடு போட்ட நோட்டு மாதிரி. இவ்வளவு பெரிய சென்சாரை மேலேருந்து கீழ ஒவ்வொரு வரியா படிச்சு முடிக்க நேரம் ஆகும், அதுக்குள்ள எல்ஈடி எத்தனையோ தடவை மினுங்கிடுது. கண்ணுக்குத் தெரியாத மினுக்கல் அப்படியே பதிஞ்சுடுது. மெக்கானிக்கல் ஷட்டர்னா அதிர்வு, எலக்ட்ரானிக்னா கோடு.

எந்த விரல்னு இன்னும் யாரும் சொல்லல.

ஜூலை 23, செவ்வாய்

மடையன். 15 வருஷமா கல்யாணத்துல ஃபிளாஷ் அடிக்கறவன் எல்ஈடியோட மாரடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அக்ரிலிக்குக்குக் கீழ ஃபிளாஷை வச்சு, அறையை இருட்டாக்கி, மெக்கானிக்கல் ஷட்டர்ல செகண்ட்ல 125-ல ஒரு பங்கு, ரெண்டு செகண்ட் டைமர். ஃபிளாஷ் வெளிச்சம் வந்து போற நேரம் ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கீழ. பஸ் போகட்டும், காத்து அடிக்கட்டும், அம்மி பறக்கட்டும். முதல் ரோல், 12 படம், பன்னெண்டும் நூல் பிடிச்ச மாதிரி. ஊட்டி ஃபேக்டரியோட இந்து ஃபிலிம், அதோட கிரெய்ன் ஒவ்வொண்ணும் உளுந்து தெறிச்ச மாதிரி தனித்தனியா நிக்குது.

லென்ஸ் திறப்பு எஃப் 8. 11-க்குப் போனா கிரெய்ன் மழுங்குது, 5.6-க்கு வந்தா சுருண்ட நெகட்டிவோட ஓரம் விலகுது. ஆட்டோ ஃபோகஸைத் தொடறதில்ல. நடுவுல ஒரு தடவை, மூலையில ஒரு தடவை பெருசாக்கிப் பார்த்து கையாலதான்.

16 பிட்லயும் 14 பிட்லயும் ஒரே நெகட்டிவை எடுத்து இழுத்துப் பார்த்தேன். 16-ல ஒரு ஃபைல் 200 எம்பி. என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் படல. 14, இழப்பில்லாத கம்ப்ரெஷன், கிட்டத்தட்ட பாதியில முடியுது. 600 ரோல், ரோலுக்கு 12. ஒரு டெராபைட் டிஸ்க்ல அடங்கிடும். அப்பாவோட 31 வருஷம்.

ஜூலை 24, புதன்

41 ரோல். இடுப்பு விட்டுப்போச்சு.

ஜூலை 25, வியாழன்

இன்னிக்கு ஒண்ணு பார்த்தேன்.

7-ம் நம்பர் பிஸ்கட் டப்பா. பட்டர் பேப்பர் கவர்ல மையால "1984 வைகாசி", கீழ ஊர்ப் பேர், அழிஞ்சிருக்கு. பொண்ணு மட்டும், மார்பளவு குளோசப். நெகட்டிவ்ல முகம் கட்டைவிரல் நகம் அளவுதான். பாசிட்டிவாக்கி நூறு சதவீதத்துக்குப் போனா கன்னத்துல என்னமோ பொடிப்பொடியா வெள்ளை. பூசணம்னு நினைச்சேன். ஏற்கெனவே மூணு டப்பாவுல பூசணம், ஒண்ணுல புளிச்ச காடி வாடை. பூசணம் வேர் மாதிரி கிளை விட்டுப் போகும். இது அப்படி இல்ல. கமா. குட்டிக் குட்டி கமா, எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சு, அரிசி மாவுல கோலம் போட்டு விரலை எடுக்கறப்ப வர்ற வால் மாதிரி.

பென்சில். அப்பாவோட டச்சிங்!

பொண்ணுக்கு அம்மைத் தழும்பு இருந்திருக்கு. ஒவ்வொரு குழியையும் நெகட்டிவ்லயே பென்சிலால நிரப்பியிருக்கார். குழி நெகட்டிவ்ல வெளிறித் தெரியும், அதுல கரியை ஏத்தினா பிரின்ட்ல தோலோட தோலா சேர்ந்துடும். டச்சிங்னா ஹாஃப் பிளேட் மாதிரி பெரிய நெகட்டிவ்லதான் பண்ணுவாங்க, 120-ல பண்ண ஊர்ல ஆள் கிடையாதுன்னு டார்க்ரூம் அண்ணன் சொல்லிக் கேட்டிருக்கேன். பெருமைக்குச் சொல்றார்னு விட்டுட்டேன். எண்ணிப் பார்த்தேன். இடது கன்னத்துல மட்டும் 63. ஒண்ணு மேல ஒண்ணு ஏறல. கண்ணுக்குக் கீழ, தோல் மெலிசா இருக்கற இடத்துல, அழுத்தம் பாதிதான்.

போஸ்ட்கார்டு சைஸ் பிரின்ட்ல இது யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. படக்கூடாதுங்கறதுக்குத்தான் வேலையே. 40 வருஷம் கழிச்சு நான் வந்து 102 மெகாபிக்சல்ல அதைத் தோண்டி எடுத்து வச்சிருக்கேன்.

ஜூலை 26, வெள்ளி

அக்கா சொல்றா: "அதெல்லாம் சாஃப்ட்வேர்ல க்ளீன் பண்ணிடுடா, முகத்துல மாவு ஒட்டின மாதிரி இருக்கு." தூசியைத் துடைக்கற பிரஷ்தான், ஒரு கன்னத்துக்கு ரெண்டு நிமிஷம். தூசியை எடுத்தேன். கீறலை எடுத்தேன். கமாவுல கை வைக்க வரல. அப்படியே விட்டா அந்தப் பொண்ணோட தழும்பு இருந்த இடமெல்லாம் மேப் போட்டுக் காட்டின மாதிரி ஆயிடுது. அதுவும் அப்பாவுக்குப் பிடிக்காது.

ரெண்டு ஃபோல்டர் வச்சிருக்கேன். ஒண்ணுக்குப் பேர் வைக்கல.

ஜூலை 27, சனி

மதுரை. பஸ்ல கேமரா மடியில. அப்பாவைத் தலையணை வச்சு சாய்ச்சு உக்கார வச்சிருந்தாங்க. பேச்சு இன்னும் ஒண்ணு ரெண்டு சொல்தான். பொறுக்கற சொல்லும் எப்பவும் அவர் நினைக்கற சொல் இல்ல, தண்ணிக்கு "கதவு"ங்கறார். ஆனா கண்ணுல எல்லாம் புரியுது.

கேமராவைப் பார்த்ததும் இடது கையை நீட்டினார். கட்டில் மேல வச்சு பின்திரையை மேல் பக்கம் சாய்ச்சேன். குனிஞ்சு பார்த்தார். அவரோட பழைய யாஷிகா கேமராவை இடுப்புல வச்சுக் குனிவாரே, அதே குனிவு, கழுத்துல அதே மடிப்பு. ரொம்ப நேரம் பார்த்தார். கேமராவை லேசா வலது பக்கம் திருப்பினார். படமும் நேரா போச்சு. நிமிந்து என்னைப் பார்த்து, "மாறல." யாஷிகாவுல மேலேருந்து பார்த்தா இடம் வலமா தெரியும். 30 வருஷம் அப்படியே பழகினவர். "இல்லப்பா, இதுல மாறாது." உதட்டைப் பிதுக்கினார்.

இதுவும் மீடியம் ஃபார்மட்தாம்ப்பா, சென்சார் இவ்வளவுன்னு விரலால காட்டினேன். அவர் இடது கையால சதுரம் போட்டார், 6-க்கு 6 அளவு. அப்புறம் என் விரலைப் பிடிச்சுப் பார்த்துட்டு, பாதி வாயால சிரிச்சார். சரிதான், பரப்புல பாதிகூட வராது. சாதாரண ஃபுல் ஃப்ரேமுக்கு ஒண்ணே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. பேர்தான் மீடியம்.

வார்டு வெளிச்சத்துல கைப்பிடியாவே ஒண்ணு எடுத்தேன். செகண்ட்ல 15-ல ஒரு பங்கு, எஃப் 4. கை ஆட்டத்தை அடக்க பாடிக்குள்ளயே ஸ்டெபிலைசர், ஆறு ஸ்டாப் வரைக்கும்னு கம்பெனி சொல்லுது. கண்ணை அதுவே பிடிச்சுக்கிச்சு. திரையில பெருசாக்கினேன். புருவம் முடி முடியா. மூடினேன்.

டச்சிங் பத்திச் சொல்லல. சொல்லியிருக்கலாம்.

ஜூலை 28, ஞாயிறு

பிசியோதெரபி தம்பி நேத்து அப்பா வலது கையில பென்சிலைக் குடுத்துப் பிடிக்கச் சொன்னானாம். அம்மா இன்னிக்குத்தான் போன்ல சொன்னா. ஸ்கூல் பிள்ளைங்க பென்சில், முனை மழுங்கினது. அப்பா அதை இடது கையால வாங்கி முனையைப் பார்த்துட்டு அவன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாராம். "கோவிச்சுக்கிட்டார்னு அந்தத் தம்பி நினைச்சுக்கிச்சு"ன்னா.

டச்சிங் மேசை டிராயர்ல தேடினேன். மூணு பென்சில், ஒரு பிளேடு, தேய்ச்சுக் கூராக்க மணல் பேப்பர். முனை ஒவ்வொண்ணும் ஒரு அங்குலத்துக்கு ஊசியா. ஒண்ணு டிராயரைத் திறக்கறப்ப உடைஞ்சுது.

ஜூலை 29, திங்கள்

ஆசை விடல. பிக்சல் ஷிஃப்ட் போட்டுப் பார்த்தேன். சென்சாரை அரை பிக்சல் அரை பிக்சலா நகர்த்தி 16 படம் எடுத்துக்கும், கம்ப்யூட்டர்ல சேர்த்தா 400 மெகாபிக்சல். 84 வைகாசிப் பொண்ணேதான். சேர்க்கறதுக்குள்ள லேப்டாப் ரெண்டு தடவை தொங்கிடுச்சு. முதல் தடவை எதோ அசைஞ்சு ஓரமெல்லாம் சதுரங்கக் கட்டம். ராத்திரி ரெண்டு மணிக்கு, பஸ் இல்லாத நேரத்துல, மறுபடி.

வந்தது. கமா பெருசாச்சு, கிரெய்ன் பெருசாச்சு, அவ்வளவுதான். ஃபிலிம்ல இருக்கறது 55 மெகாபிக்சல்லயே வந்தாச்சு. அந்த 76-க்கு ஏங்கினதும் வீண்தான் போல.

ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சுது. காது மடல்தான் ஷார்ப்பு. கண்ணு ஒரு மயிரிழை விட்டுப்போயிருக்கு. அப்பா ஃபோகஸ் தப்பவே மாட்டார்னு ஊரே சொல்லும். வேற குளோசப் எல்லாத்தையும் திறந்து பார்த்தேன். பத்துக்கு மூணு அப்படித்தான். எதுக்குப் பார்த்தேன்?

ஜூலை 30, செவ்வாய்

சுட்டுவிரலாம். அக்கா இப்பதான் சொல்றா.

ஜூலை 31, புதன்

நாளைக்குக் காலைல 10 மணிக்குக் கேமராவைத் திருப்பணும். இதுவரை 388 ரோல். மிச்சம் 212, எப்படிப் பார்த்தாலும் முடியாது. ரெண்டு நாள் நீட்டிக்கலாமான்னு கேட்டேன், சனிக்கிழமை ஆடிப்பெருக்கு, யாரோ நகைக்கடை விளம்பரத்துக்குக் கேட்டிருக்காங்களாம்.

பேட்டரியை சார்ஜ்ல போட்டிருக்கேன். முழு சார்ஜுக்கு 460 படம்னு கணக்கு. கண்ணு தாங்கினா விடியறதுக்குள்ள 25 ரோல் போடலாம். 23-ம் டப்பாவை எடுத்து வச்சாச்சு, கவர்ல "1991, பாஸ்போர்ட், பலர்"னு இருக்கு. டச்சிங் பென்சில் ரெண்டையும் துணியில சுத்தி பையில வச்சிருக்கேன், கேமராவைக் குடுத்துட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கு. கரன்ட் போச்சு, இப்ப