அத்தையின் கூடையைப் பார்த்து ஒரு கூடை

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அத்தையின் சாமான்களைப் பிரித்துக் கொடுத்தபோது நான் கேட்டது அந்த ஒயர் கூடையைத்தான். "வேற எதுவும் வேணாமா?" என்று அத்தை மகன் இரண்டு தடவை கேட்டார். பச்சையில் நடுவே வெள்ளைப் பட்டை போட்ட கூடை. மாயவரத்தில் காய்கறிக் கடை, ரேஷன் கடை, ஐப்பசியில் காவிரித் துலாக்கட்டம் என்று எல்லா இடத்துக்கும் அதுதான் போய்வந்தது. ஆற்றில் குளித்துவிட்டு ஈரப் புடவையைப் பிழிந்து அதில் போட்டுக்கொண்டு வந்தால், வீடு வரைக்கும் தெருவில் சொட்டுக் கோடு இருக்கும். 2019 ஜனவரியில் கடைகளில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து எல்லோரும் துணிப்பை தேடியபோது, "நான் என்னிக்குடா பை வாங்கினேன்?" என்று கேட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் அவர்.

ஒரு கைப்பிடி ஏற்கெனவே பிய்ந்து, சணல் சுற்றியிருந்தது. சென்னைக்குக் கொண்டுவந்த மூன்றாம் வாரம் பூசணிக்காய்க் கனத்தில் இன்னொன்றும் பிய்ந்தது. இனி இதைத் தூக்கக் கூடாது என்று பரண் மேல் வைத்துவிட்டு, இதே மாதிரி ஒன்று பின்னிவிடலாம் என்று முடிவு செய்தேன். எனக்குப் பத்து வயதில், ஒரு மே மாத லீவில், அத்தையிடம் கற்றுக்கொண்டதுதான் என்ற தைரியம். அன்றைக்கு அடிப்பாகத்தைக்கூட முடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் கணக்கு. பரணிலிருந்து மறுபடி இறக்கி எண்ணினேன். அடிப்பாகம் நீளவாக்கில் 20 முடிச்சு, அகலத்தில் 8. ஆக 160. அடியைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர்கள் 56, அவைதான் சுவராக மேலே ஏறும். சுவர் 22 சுற்று. 56ஐ 22ஆல் பெருக்கி அடியையும் சேர்த்தால் 1,392 முடிச்சு. கைப்பிடி தனி. எல்லாம் சாதா முடிச்சு. சிவன் கண், நெல்லிக்காய் போன்ற அலங்காரமெல்லாம் அத்தைக்குத் தெரியும், ஆனால் மார்க்கெட்டுக்குப் போகிற கூடைக்கு எதற்கு என்பார்.

பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் ஒயர் வாங்கினேன். கட்டாக வருகிற ஒயர் சுருண்டே இருக்கும். மொட்டை மாடி வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு, இழுத்து நீவினால் படிகிறது. அத்தை ஸ்கேல் வைத்து நான் பார்த்ததில்லை. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து, "ஏழு முழம்" என்று வெட்டுவார். நானும் ஏழு முழம் வெட்டினேன். என் முழம் அவர் முழத்தைவிட நீளம் என்பது கடைசியில், ஒவ்வொரு நுனியிலும் ஒரு சாண் வீணாகத் தொங்கியபோதுதான் உறைத்தது.

முடிச்சு மறந்து போயிருந்தது. யூடியூபில் ஒரு அம்மா பொறுமையாகச் சொல்லித் தந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நாற்பது முடிச்சு போட்டு, பெருமையாக அத்தையின் கூடைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏதோ சரியில்லை. ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. என்னுடைய ஒவ்வொரு முடிச்சும் அத்தையின் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் புரண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தால் எப்படியோ அப்படி.

நான்தான் தப்பாகப் போடுகிறேன் என்று பிரித்தேன். (பிரிப்பதுதான் கொடுமை. ஒருமுறை முடிச்சில் மடிந்த ஒயர் நேராகவே மாட்டேன் என்கிறது.) வேறு இரண்டு வீடியோ பார்த்தேன். அவற்றிலும் என் முடிச்சேதான். அப்படியானால் உலகமே ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கமா? அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா நொட்டாங்கை ஆச்சே. உனக்குத் தெரியாதா?" என்றார், ஏதோ அத்தையின் பிறந்த ஊரைக் கேட்டது போல.

எனக்குத் தெரியாது. நாற்பது வருஷமாகத் தெரியாது. அவர் வலக்கையால்தான் சாப்பிட்டார், வலக்கையால்தான் பரிமாறினார், பால் கணக்கை எழுதியதும் வலக்கையால்தான். அப்பா சொன்னார்: சின்ன வயதில் இடக்கையால் சோற்றைத் தொட்டால் பாட்டி கரண்டிக் காம்பால் புறங்கையில் போடுவாராம். பள்ளிக்கூடத்தில் சிலேட்டிலும் அதே கதை. பத்து வயதுக்குள் எல்லாம் மாறிவிட்டதாம். "கூடை பின்றப்போ மட்டும் அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சாமி காரியமா, சாப்பாடா? யார் பார்க்கப் போறா?"

போனை வைத்த பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை அவர் திறப்பது, வடாம் காயும்போது காக்கைக்குக் கல் எறிவது. எல்லாம் இடக்கை. அப்புறம் அந்த மே மாதம். நான் அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு அவர் கையைப் பார்த்துப் போடுவேன், வரவே வராது. "பக்கத்துல உக்காராதடா, எதிர்ல வந்து உக்காரு. என் கை எந்தப் பக்கம் போகுதோ உன் கையும் அந்தப் பக்கம் போகட்டும்" என்பார். எதிரே உட்கார்ந்தால் வந்துவிடும். இடக்கைக்காரருக்கு எதிரே உட்கார்ந்தால் வலக்கைக்காரனுக்கு அவர் கண்ணாடி மாதிரி. காரணம் சொல்லாமலே அதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார்.

சரி, இப்போது எந்தப் பக்கம் பின்னுவது? வலக்கைக் கூடை பின்னினால் அது கடையில் கிடைக்கிற கூடை. அதற்கு இத்தனை பாடு வேண்டாம். இடப்பக்கமே போடுவது என்று முடிவு. வீடியோவை பீரோ கண்ணாடியில் காட்டி, கண்ணாடியைப் பார்த்துப் பின்னினேன். கழுத்து பிடித்துக்கொண்டது. என் மகள் போனில் ஏதோ செய்து வீடியோவையே இடம் வலம் மாற்றிக் கொடுத்தாள். வலக்கையாலேயே திருப்பிப் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். போடலாம், ஆனால் ஒவ்வொரு முடிச்சுக்கும் மூளை ஒருமுறை நின்று யோசிக்கிறது. இடக்கையிடம் கொடுத்துவிட்டால் அது யோசிப்பதில்லை, தடுமாறுகிறது, அவ்வளவுதான். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் 12 முடிச்சு. இரண்டு வாரத்தில் 30 வரை வந்தது. இறுக்கும்போது ஒயர் இடது சுட்டுவிரலை அறுத்தது, பிளாஸ்திரி போட்டுக்கொண்டேன். இப்போது அங்கே காய்ப்பு இருக்கிறது. அத்தைக்கு எந்தக் கையில் காய்ப்பு இருந்தது என்று யோசித்தேன். அவர் கையைப் பிடித்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் மூன்று இரவு பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். ஞாபகமில்லை.

அடியிலிருந்து சுவருக்குத் திரும்புகிற மூலைதான் கஷ்டம். அங்கே கொஞ்சம் தளர்ந்தாலும் கூடை குடம் மாதிரி வயிறு தள்ளும். என்னுடையது ஒரு மூலையில் தள்ளியிருக்கிறது. 11ஆம் சுற்றோடு பச்சை ஒயர் தீர்ந்துபோய் மறுபடி கடைக்குப் போனால், அதே பச்சை இல்லை. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார் கடைக்காரர். வீட்டு வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்று வாழையிலை, ஒன்று மாவிலை. நல்லவேளை, 12ஆம் சுற்றில் வெள்ளைப் பட்டை வந்துவிட்டது. அதற்கு மேலே வேறு பச்சை என்றால் வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

போன வாரம் 22 சுற்றும் முடிந்தது. நுனிகளை உள்பக்கம் மடித்து, மூன்று முடிச்சுகளுக்கு அடியில் சொருகி வெட்டினேன். அத்தை எப்படி முடித்திருக்கிறார் என்று பார்க்க, பழைய கூடையின் விளிம்பில் ஒரே ஒரு நுனியை மட்டும் வெளியே இழுத்தேன். அவர் ஐந்து முடிச்சுக்கு அடியில் சொருகியிருந்தார். அந்த நுனியைத் திரும்ப உள்ளே தள்ள முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு என்னுடைய நுனிகளைப் பார்த்தேன். நீளமாகத் தொங்கியதை எல்லாம் ஏற்கெனவே வெட்டிவிட்டிருந்தேன்.

கைப்பிடிதான் பாக்கி. முதலில் போட்டது முறுக்கிக்கொண்டு நின்றது, பிரித்துவிட்டேன். ஐப்பசிக்குள் முடித்து, அந்த மாதக் கடைசி நாளான கடைமுகத்தன்று துலாக்கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் அத்தை கடைமுகக் கூட்டத்தில் ஒருநாளும் இறங்கியதில்லை. மறுநாள், கார்த்திகை ஒன்று, முடவன் முழுக்குக்குத்தான் போவார். நடக்க முடியாத ஒருவர் ஐப்பசி முடிந்த பிறகு வந்து சேர்ந்ததால், அவருக்காகச் சிவன் ஒருநாள் தள்ளிக் கொடுத்த முழுக்கு. "நம்மளை மாதிரி லேட்டா வர்றவங்களுக்குன்னே வெச்சிருக்கார்டா" என்பார். இன்றைக்கு ஐப்பசி இருபத்தி நான்கு. அன்றைக்கும் முடியாவிட்டால் அதற்கு அப்புறம் சலுகை கிடையாது.