75 சதவீத இடங்களின் கணக்கு எங்கே?

மூன்று வருடங்களுக்கு முன்னால் மகளுக்கு எல்கேஜி சீட் கேட்டு ஒரு மெட்ரிக் பள்ளிக்குப் போனோம். விண்ணப்பத்துக்கு 500 ரூபாய். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, குழந்தையிடம் நிறங்களின் பெயரைக் கேட்டார்கள், அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், அப்புறம் என்னையும் மனைவியையும் பார்த்து என்ன படித்திருக்கிறீர்கள், வீட்டில் இங்கிலீஷ் பேசுவீர்களா, சொந்த வீடா வாடகையா என்று வரிசையாகக் கேட்டார்கள். பத்தாம் நாள் போனில் ஒரு செய்தி வந்தது, சீட் இல்லை. ஏன் என்று நேரில் போய்க் கேட்டால் “மேனேஜ்மென்ட் முடிவு சார்” என்றார் அலுவலகத்தில் இருந்தவர். எங்களுக்கு அப்புறம் விண்ணப்பம் வாங்கிய அடுத்த வீட்டுக்காரர்களுக்குச் சீட் கிடைத்திருந்தது. அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 13-ஆம் பிரிவு, சேர்க்கையின்போது நன்கொடை வாங்கக் கூடாது, குழந்தையையோ பெற்றோரையோ எந்த விதத்திலும் வடிகட்டக் கூடாது என்கிறது. வடிகட்டுவது என்றால் என்ன என்பதற்கும் சட்டத்திலேயே விளக்கம் உண்டு: குலுக்கல் மாதிரி யாருக்கு விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத முறை தவிர, ஒரு குழந்தையை விட்டு இன்னொன்றை எடுக்கும் எந்த முறையும் வடிகட்டல்தான். மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவைகளுக்கு 50,000 வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போல பத்து மடங்கு வரை.

படித்ததும் சந்தோஷமாக இருந்தது, இன்னும் கொஞ்சம் படித்ததும் அது போய்விட்டது. இந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. எல்கேஜி பிள்ளைக்கு மூன்று, மூன்றரை வயது. நலிந்த பிரிவினருக்கான 25 சதவீத இடங்கள் மட்டும், பள்ளி எல்கேஜியில் தொடங்கினால் எல்கேஜியிலிருந்தே செல்லும், மற்ற 75 சதவீத நர்சரி இடங்களுக்கு 13-ஆம் பிரிவின் தடை பொருந்தாது என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2013-ல் தீர்ப்புச் சொன்னது. நம் ஊர் தனியார் பள்ளிகளில் முக்கால்வாசிப் பிள்ளைகள் எல்கேஜியில் நுழைந்து அப்படியே பத்தாம் வகுப்பு வரை போய்விடுகிறார்கள். அப்படியென்றால் கதவு திறக்கும் அந்த ஒரே நாளில் சட்டம் பக்கத்தில் இல்லை. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 2014-லேயே உச்ச நீதிமன்றம் முழு விலக்குக் கொடுத்துவிட்டது.

அந்த 25 சதவீதம் தமிழ்நாட்டில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஆன்லைனில் விண்ணப்பம், வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஏழ்மையைக் காட்டி விண்ணப்பித்தால் வருமானம் ஆண்டுக்கு 2 லட்சத்துக்குள், இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் பெற்றோர் முன்னால் குலுக்கல். அதிலும் பிரச்சினை இல்லாமல் இல்லை. மத்திய, மாநில அரசுகளின் பணச் சண்டையில் 2025-ல் சேர்க்கையே அக்டோபர் வரை இழுத்தது, ஜூனில் பள்ளி திறந்து நான்கு மாதம் ஆன பிறகு! அந்த மாதங்களில் கடன் வாங்கி ஃபீஸ் கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் சீட் கிடைக்காதவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்றாவது தெரியும்.

டெல்லியில் மீதி இடங்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வீட்டுத் தூரத்துக்கு இத்தனை, அண்ணனோ அக்காவோ அங்கே படித்தால் இத்தனை என்று 100 புள்ளிக்கான கணக்கைப் பள்ளிகள் முன்கூட்டியே வெளியிட வேண்டும். அப்படி வெளியே வந்ததால்தான் அப்பா சிகரெட் பிடிப்பாரா, வீட்டில் அசைவம் சாப்பிடுவார்களா என்றெல்லாம் பார்த்துப் பள்ளிகள் புள்ளி போட்டது ஊருக்கே தெரிந்தது. 2016 ஜனவரியில் டெல்லி அரசு இப்படி 62 அளவுகோல்களை ரத்து செய்தது. அதில் 11-ஐ ரத்து செய்ததை உயர்நீதிமன்றம் நிறுத்தி வைத்தது, சரி, ஆனால் எதை வைத்துச் சண்டை போடுவது என்று பெற்றோர் கையில் ஒரு தாள் இருந்ததே!

நம்மிடம் அந்தத் தாள் இல்லை. தமிழ்நாட்டில் நன்கொடைக்குத் தடை 1992-லிருந்து இருக்கிறது, கட்டணத்துக்குக் குழு இருக்கிறது. சேர்க்கைக்கும் சட்டசபை ஒரு சட்டம் போட வேண்டும், எல்கேஜி, யுகேஜி, பிரி-கேஜி எல்லாம் அதற்குள் வர வேண்டும். மொத்த இடம் எத்தனை, அதில் ஏற்கனவே படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்கு எத்தனை, எத்தனை பேர் கேட்டார்கள், எந்த அடிப்படையில் எடுத்தார்கள் என்பதைப் பள்ளி வாசலில் ஒட்டட்டும். இல்லை என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும், அதை எதிர்த்து மனு போட பள்ளிக்கு வெளியே ஒருவர் இருக்கட்டும். பெற்றோரை உட்கார வைத்து நேர்காணல் செய்வதை அடியோடு நிறுத்தட்டும். தனியார் பள்ளிக்கு இது பெரிய சுமை என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன், இந்தக் கணக்கெல்லாம் அவர்கள் நோட்டில் இப்போதே இருக்கிறதா இல்லையா?

அந்த 500 ரூபாய் ரசீதை நான் இன்னும் வைத்திருக்கிறேன். விண்ணப்ப எண் 214 என்று போட்டிருக்கிறது. எத்தனை இடத்துக்கு 214 என்று அன்றைக்குக் கேட்டேன், போன வருடம் தபாலிலும் எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை.