ஆடி முடியட்டும்

ஜூலை 14

கார்டு வந்துவிட்டது. சேலம் ஐந்து ரோட்டு அச்சக அண்ணன், "ஃபைனான்ஷியல் அட்வைசர்னு போட்டாத்தான் எடுப்பா இருக்கும்மா" என்று இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்றேன். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், அதற்குக் கீழே ஏ.ஆர்.என். பதிவு எண், அவ்வளவுதான். அட்வைசர் என்று போட, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியில் தனிப் பதிவு வேண்டும். 2020இல் விதியைத் திருத்திய பிறகு ஐ.எஃப்.ஏ. (சுயேச்சை நிதி ஆலோசகர்) என்ற மூன்றெழுத்தைக்கூட எங்களைப் போன்றவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆறு வருடம் வங்கியில் பெரிய பெரிய பட்டம் போட்ட பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தாயிற்று. இனி என் பெயருக்குக் கீழே உண்மை மட்டும் இருக்கட்டும்.

ஜூலை 15

மஞ்சள் கேட் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். இன்றும்.

ஜூலை 17

ஆடி ஒன்று. நூறு பேர் பட்டியலில் பதினொரு பேருக்குப் போன் போட்டேன். எட்டுப் பேர் சொன்னது ஒரே பதில்: "ஆடி முடியட்டும்."

ராத்திரி கணக்குப் போட்டேன். நான் போடப்போகும் திட்டங்களில் நூறு ரூபாய் வருடம் முழுக்கக் கிடந்தால் ஏறக்குறைய 80 பைசா எனக்கு வரும். ஐந்து குடும்பம் தலா மாதம் 3,000 ரூபாய் எஸ்.ஐ.பி., அதாவது மாதத் தவணை முதலீடு, கட்டினாலும் பணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேரும், அதனால் முதல் வருடம் முழுக்க எனக்குக் கிடைப்பது எழுநூற்றுச் சொச்சம். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு. கையில் இருப்பது அக்டோபர் வரை தாங்கும். முன்பெல்லாம் பணம் போட்ட உடனே முன்கமிஷன் உண்டு, 2018 அக்டோபரில் செபி அதை நிறுத்திவிட்டது. நிறுத்தியது நல்லதுதான். அது இருந்திருந்தால், இந்த நிலைமையில் நான் யார் தலையில் எதைக் கட்டியிருப்பேனோ.

ஜூலை 20

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை. நாற்பது நிமிடம் பேசினேன். கூட்டு வட்டி, இருபது வருடப் படம், எல்லாம். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றேங்க" என்றார். வண்டியை எடுக்கும்போதுதான் உறைத்தது: அவரிடம் ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை.

யோசிச்சுச் சொல்றேன். இந்த வாரம் மட்டும் ஆறு தடவை.

ஜூலை 22

மறுபடியும் பட்டறை. இந்தத் தடவை பையைத் திறக்கவே இல்லை. "போன வருஷம் கையை மீறிப் போன செலவு எதுண்ணா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அதுதான் கஷ்டம். வங்கிப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது வேறு: பயத்தைக் கிளப்பு, பதில் வருவதற்குள் படிவத்தை நீட்டு. இன்று நான் சும்மா இருந்தேன். ஊதுகுழல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் அவரே சொன்னார். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். ஐந்து லட்சம் ஏலச்சீட்டை மூன்றே முக்காலுக்குத் தள்ளி எடுத்திருக்கிறார். சொல்லும்போது நிமிரவில்லை, கொலுசு மணியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

சீட்டைக் குறை சொல்ல எனக்கு மனது வரவில்லை. அவசரத்துக்குக் கை கொடுத்தது அதுதானே. "சீட்டு இருக்கட்டும்ணா. முதல்ல வீட்டுக்கே ஒரு மெடிக்கல் பாலிசி எடுங்க, அப்புறம் மூணு மாசச் செலவுக்குப் பணம் தனியா வைங்க. மீதி இருந்தா நான்" என்றேன். பாலிசி நான் விற்பதில்லை, அதையும் சொன்னேன்.

"இதுல உனக்கு என்னம்மா வரும்?"

80 பைசாவைச் சொன்னேன். 2013இலிருந்து நேரடித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதில் இடையில் ஆள் இல்லாமல் அவரே போட்டால் இந்தக் காசு மிச்சம் என்பதையும் சொன்னேன். "அப்ப உன்கிட்ட எதுக்கு வரணும்?" என்றார். நியாயமான கேள்வி. மார்க்கெட் விழுகிற அன்றைக்கு எடுக்காதீங்க என்று சொல்ல, நாமினி, பேங்க் மாற்றம் என்று எது வந்தாலும் நேரில் வந்து நிற்க. எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

"ஆடிப் பதினெட்டு அன்னிக்கு வா."

ஜூலை 23

அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 240.

ஜூலை 27

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு, அங்கிருந்து நாகலூர். ஐந்து ஏக்கர் காபி, நிழல் மரமெல்லாம் மிளகுக் கொடி. மாதம் ஐயாயிரம் எஸ்.ஐ.பி. என்று ஆரம்பித்தேன். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாசாமாசம் யாரு கண்ணு எனக்குக் குடுக்கறாங்க?"

பழம் பறிப்பது நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. காசு வருவது அப்போதுதான், பிறகு வருடம் முழுக்கக் கூலி, உரம், கவாத்து என்று போய்க்கொண்டே இருக்கும். மாதச் சம்பளக்காரர்களுக்கு வைத்த அச்சை இவருக்குப் போய் நீட்டினேனே. அறுவடைப் பணத்தை மொத்தமாக லிக்விட் ஃபண்டில் வைத்து, அதிலிருந்து மாதம் கொஞ்சம் பங்குத் திட்டத்துக்கு மாற்றலாம். தோட்டச் செலவுக்கு வேண்டும்போது லிக்விடிலிருந்தே எடுக்கலாம். வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்தில் எழுதினேன். அங்கேயே தோன்றியிருக்க வேண்டும். அடுத்து எப்போது வரட்டும் என்று கேட்டுத் தேதி குறிக்கவும் மறந்துவிட்டேன்.

ஜூலை 30

தூக்கம் இல்லை.

"எஃப்டி மாதிரிதான் சார்." சொன்னது என் வாய். வங்கி மேனேஜர் பின்னால் நின்றார், மாதக் கடைசி, எல்லாம் சரிதான். ஆனால் சொன்னது நான். யூலிப்பில், அதாவது பங்குச் சந்தையோடு கட்டிய இன்சூரன்ஸில், ஒரு லட்சம். ஒரே தடவைதான் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் பிரீமியம் நோட்டீஸ் வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது, அதற்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கிற கெடு எப்போதோ தாண்டிவிட்டது. அவர் கட்டவில்லை. ஐந்து வருடப் பூட்டு முடிய இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அதுவரை பணம், நிறுத்தப்பட்ட பாலிசிகளுக்கான நிதியில் கிடக்கும், குறைந்தது நூற்றுக்கு நான்கு வட்டி சேரும். அந்தப் பணம் போனது போனதுதான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறாரோ. இதை யாராவது அவருக்குச் சொன்னார்களா?

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. தெருவில் பாதிப் பேர் மேட்டூருக்குக் குளிக்கப் போய்விட்டார்கள். பட்டறை அண்ணன் கையெழுத்துப் போட்டார். மாதம் 2,000. அவருக்குப் பணம் புரள்வது சனிக்கிழமைகளில், அதனால் கணக்கில் காசு நிற்கிற தேதியாகப் பார்த்து 10 என்று வைத்தோம். நாமினி இடத்தில் அண்ணியின் பெயரை எழுதும்போது அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எந்தக் காகிதத்திலும் தன் பெயரைக் கேட்டு ஒருவரும் தன்னைக் கூப்பிட்டதில்லை என்றார். அப்பாவின் பழைய டெபாசிட் ரசீதுகளையும் எடுத்து வந்தார். இரண்டில் நாமினியே இல்லை.

கிளம்பும்போது, "யாராவது இருந்தா சொல்லுங்க" என்று வழக்கம்போலக் கேட்கவில்லை. "உங்க லைன்ல, ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சீட்டைத் தள்ளி எடுத்தவங்க வேற யாருண்ணா?" என்றேன். மூன்று முகம் உடனே அவர் நினைவுக்கு வந்தது. ஒருவருக்கு அவரே போன் போட்டார். யாராவது என்று கேட்டால் யாருடைய முகமும் தோன்றாது. இத்தனை வருடம் நான் யாராவது என்றுதான் கேட்டிருக்கிறேன்.

முதல் ஆள். எனக்கு அழுகை வந்தது, வண்டியில்தான்.

ஆகஸ்ட் 7

குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கை. பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். முருகன் வேஷம் கட்டியவர் வண்டி நகர்ந்ததும் எதிர்ப்பக்கம் வாத்தியார், கையில் குடை. பார்த்தார். சிரிக்கவில்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை.

ஆகஸ்ட் 8

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 12

அண்ணன் சொன்ன மூவரில் ஒருவர் பொன்னம்மாபேட்டை அம்மா. வயது 64. கணவர் இறந்ததில் வந்த ஆறு லட்சம் சேமிப்புக் கணக்கில் தூங்குகிறது. மாதம் கைக்கு ஏதாவது வரவேண்டும், அசல் குறையக் கூடாது. கேட்ட உடனே தெரிந்துவிட்டது, இது என் சரக்கு இல்லை. தபால் ஆபீஸுக்குக் கூட்டிப்போய் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். மாதாமாதம் வராது என்பதை இரண்டு தடவை சொல்லிவிட்டேன். படிவம் நான் நிரப்பினேன். எனக்கு இதில் ஒரு பைசா இல்லை.

வீட்டில் என் அம்மா, "கட்டுப்படியாகுமா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்லவில்லை. அவளுடைய மாத்திரைச் சீட்டு என் பையில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 17

ஆவணி பிறந்தது. அந்த எட்டுப் பேரையும் அழைத்தேன். மூவர் எடுத்தார்கள். ஒருவர் வியாழன் வரச் சொன்னார். ஒருவர் யோசிச்சுச் சொல்கிறாராம். சரி, எப்போது கூப்பிடட்டும் என்று கேட்டு 25ஆம் தேதி என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றாமவர் மகளுக்கு நிச்சயம், அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார்.

ஆகஸ்ட் 18

போனேன். கார்டு எடுத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் கேட்டைத் தட்டியதும் வாத்தியாரின் மனைவி வந்தார், என்னை அடையாளம் தெரியவில்லை. பணம் போகவில்லை, அடுத்த வருடம் எழுதிக் கொடுத்து வாங்கலாம், பாலிசிப் பேப்பரும் பேங்க் பாஸ்புக்கும் வேண்டும் என்றேன். தண்ணீர் கொடுத்தார். "பேப்பர் எங்க வச்சிருக்காருன்னு எனக்குத் தெரியாது சாமி. கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. வந்ததும் சொல்றேன், நீ யாருன்னு சொல்லட்டும்?"

பேங்கில் இருந்த பொண்ணு என்று சொல்லச் சொன்னேன். போன் நம்பரைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 20

அழைப்பு வரவில்லை. நாகலூர் பெரியவர் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். மழை பிடிப்பதற்குள் மலை ஏறவேண்டும்.