இரண்டு ஃபோட்டான்களும் ஒரு கழித்தல் குறியும்

கிருஷ்ணகிரியில் எம்.எஸ்சி. மாணவர்களுக்குக் குவாண்டம் ஒளியியல் எடுக்கிறேன். எங்கள் லேபில் சோடியம் விளக்கு, மைக்கல்சன் இன்டர்ஃபெரோமீட்டர், ஒரு ஹீலியம்-நியான் லேசர் இருக்கின்றன. ஒற்றை ஃபோட்டானை, அதாவது ஒரே ஓர் ஒளித்துகளை, எண்ணும் டிடெக்டர் கிடையாது. ஆனாலும் நான் மிகவும் ஆசைப்பட்டு நடத்தும் பாடம் ஹாங்-ஊ-மண்டெல் சோதனைதான். அதற்குக் கரும்பலகையே போதும்.

ஹாங், ஊ, மண்டெல் என்ற மூவர் 1987இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்தது. புற ஊதா லேசரைப் படிகத்தில் செலுத்தினால், எப்போதாவது ஒரு ஃபோட்டான் மறைந்து ஆற்றல் குறைந்த இரண்டு பிறக்கும். அந்த ஜோடியை ஒரு பீம் ஸ்பிளிட்டரின் இரு பக்கமிருந்தும் விடுகிறார்கள். அது பாதி ஒளியை ஊடுருவ விடும், பாதியைத் திருப்பிவிடும். சாதாரணக் கணக்குப்படி, பாதித் தடவை இரண்டும் வெவ்வேறு வழியாக வெளியேற வேண்டும். ஒன்றுபோல, ஒரே நேரத்தில் வந்தாலோ அப்படி வெளியேறுவது ஏறக்குறைய நின்றேபோகிறது. ஜோடியாக ஒரே வழியில்தான் போகின்றன.

"ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுக்குதா சார்?" என்று யாராவது கேட்பார்கள். இழுப்பும் இல்லை, மோதலும் இல்லை. இரண்டும் தனித்தனி வழியில் வர இரண்டு விதம் உண்டு: இரண்டுமே ஊடுருவ வேண்டும், அல்லது இரண்டுமே திரும்ப வேண்டும். ஒவ்வொரு திரும்பலுக்கும் அலையின் கட்டம் (அதன் ஏற்ற இறக்கத்தில் அது நிற்கும் இடம்) 90 பாகை நகர்கிறது. இரண்டு திரும்பினால் 180, அதாவது ஒரு கழித்தல் குறி. எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய வழியில்லாதபோது வீச்சுகளைத்தான் (குறியோடு வரும் எண்கள், இவற்றின் வர்க்கமே நிகழ்தகவு) கூட்ட வேண்டும், நிகழ்தகவுகளை அல்ல. கூட்டினால் பூஜ்யம். ஒன்றின் தளவிளைவை, அதாவது ஒளி அதிரும் திசையை, 90 பாகை திருப்பி அடையாளம் காட்டிவிட்டால் போதும், பழைய பாதிக்குப் பாதி திரும்பிவிடும். யாரும் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை. இழுவிசை என்று சொல்லிவிட்டால் இந்த அழகு முழுக்கப் போய்விடும். அதனால்தான் இந்த இடத்தில் நான் அவசரப்படுவதே இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்க்கும் மைக்கல்சன் கருவியில் மாணவர்கள் வட்டப் பட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது வெளியே பாரம் ஏற்றிய லாரி போனால் பட்டைகள் நடுங்கும், எண்ணிக்கை விட்டுப்போகும். அங்கே அலைநீளத்தில் ஒரு பகுதி நகர்ந்தாலே மாற்றம் தெரியும். ஹாங்-ஊ-மண்டெலில் அந்த நடுக்கம் பொருட்டில்லை. ஃபோட்டானின் அலைப் பொட்டலங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் போதும். அதை வைத்தே பிகோ வினாடிக்கும் (வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) குறைந்த கால இடைவெளியை அளந்தார்கள். அவ்வளவு வேகமான டிடெக்டர் அவர்களிடமும் இல்லை!

போன பருவத்தில் பென்னாகரம் பக்கத்து மாணவி ஒருவர், "எலக்ட்ரானா இருந்தா?" என்றார். ஒரே சுழற்சியுள்ள (ஸ்பின்) எலக்ட்ரான்களுக்கு இடம் மாற்றினால் குறியும் மாறும். அப்போது ஜோடியாகப் போகும் வழிதான் அடைபடும். சாக்பீஸைக் கொடுத்தேன், மீதிக் கணக்கை அவரே போட்டார்.